அண்ணாவுக்கு, அந்த உரை முடிந்து ஒரு வருடத்தில்

அண்ணா,

இன்று நவம்பர் 21. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதிய பாராளுமன்றத்தில் தன் கொள்கை உரையை வாசித்து இன்றோடு ஒரு வருடம். நீங்களும் நானும் நேராகக் கதைத்தும் அவ்வளவு காலம்தான். இடையில் நொத்தாரிசு கதைத்தார், அண்ணி கதைத்தார், அம்மா இரண்டு பக்கத்தையும் சமாளித்தார். இந்தத் திங்கட்கிழமை இரவுதான் உங்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "இப்ப என்ன சொல்லுறாய்?"

சொல்கிறேன். நீங்கள் விற்கச் சொல்கிற நம் வீட்டுக் காணி விஷயத்திலும் ஒரு முடிவு எடுத்துவிட்டேன், அதையும் சொல்கிறேன்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கோபம் வரும் உங்களுக்கு. "ஊரில் இருக்கிற சிலர் ஒரே ஒரு பேச்சுக்கு விலைபோய்விட்டார்கள்" என்று நீங்கள் போன வருடம் முகநூலில் எழுதியதும் ஊரறியத்தான். பெயர் போடவில்லை. ஆனால் அது யார் என்று திருகோணமலையில், நம் உவர்மலையில் எல்லோருக்கும் விளங்கியது. கோயிலடியில் ஒருவர் என்னிடம், "அண்ணன் உன்னைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் யாருக்கும் சொல்லவில்லை.

உரை நடந்த அன்றைக்கு என் கடையில் நீங்கள் காணி உறுதியைப் போட்டோகொப்பி எடுக்க வந்து நின்றீர்கள். உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி தொடங்க இருந்ததால் பேனைக்கும் அடிமட்டத்துக்கும் கடை நிறைய ஆட்கள். பதினொன்றரைக்கு உரை தொடங்கியது. மேலே இருந்த ரீவியின் சத்தத்தை நான்தான் கூட்டி வைத்தேன். அந்த இடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். உங்கள் கண் உறுதியில் இருந்தது.

கிண்ணியாவிலிருந்து மகனோடு வந்திருந்தவர் சொன்னார், "எங்கட ஜனாஸாக்கள எரிச்சாங்களே, அது மாதிரி ஒண்டு திரும்ப வராட்டிப் போதும்." 2020இல் கொரோனாவைச் சொல்லி முஸ்லிம்களின் உடல்களை எரித்ததைத்தான் சொன்னார். அவருடைய வீட்டிலும் ஒருவரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அபயபுரவில் இருந்து வரும் அந்த ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர், தனக்குத் தெரிந்த தமிழில், "வரிசை இல்லாட்டி போதும் மகள், பெற்றோல் வரிசை, காஸ் வரிசை" என்றார். பொருளாதாரத்தில் இனி ஒரு பிழை விட்டாலும் தாங்காது, சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தம் தொடரும் என்று ஜனாதிபதி பேசியபோது அந்த ரீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பெடியன்கள் உரையைப் பார்க்கவே இல்லை. யாழ்ப்பாணத்துச் சுயேச்சை எம்.பி. ஒருவர் எதிர்க்கட்சித் தலைவரின் ஆசனத்தில் போய் இருந்துவிட்டார் என்ற காணொளியைத்தான் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அன்று பின்னேரம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதுதான் பெரிய கதை. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் வென்று 159 ஆசனங்களோடு வந்த ஒரு அரசாங்கம் எங்களுக்கு என்ன சொல்கிறது என்பதை விட, ஒரு கதிரையின் கதைதான் எங்கள் ஆட்களுக்கு இனித்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

அப்புறம் அந்த இடம் வந்தது. இந்த நாட்டில் இனி இனவாத அரசியலுக்கு இடமில்லை, மதத் தீவிரவாதத்துக்கும் இடமில்லை, அதை வைத்து அதிகாரத்துக்கு வர யாரையும் விடமாட்டோம் என்று ஜனாதிபதி சொன்னார். கடை கொஞ்சம் அமைதியாகியது. நீங்கள் சிரித்தீர்கள். சத்தமாக.

சிரித்துவிட்டுச் சொன்னதும் நினைவிருக்கிறது. "உவரிட கட்சிதான் வழக்குப் போட்டுக் கிழக்கைப் பிரிச்சது." நீங்கள் சொன்னது பொய் இல்லை. ஜே.வி.பி.யினர் போட்ட வழக்கில்தான் 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உச்ச நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்றது. அடுத்த ஜனவரியில் இரண்டு மாகாணமாகியது. ஒரு காலத்தில் வடகிழக்கு மாகாணத்துக்கே தலைநகரமாக இருந்த ஊர் இது. இது எனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டுதான் அந்த உரையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் திருப்பிச் சொன்னது: "நீங்கள் 2006இல பிளேன் ஏறினீங்கள். அதுக்குப் பிறகு இந்த ஊரில நடந்ததெல்லாம் எங்களுக்குத்தான் நடந்தது."

கிண்ணியாக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். ரீச்சர் கீழே பார்த்தார். நீங்கள் உறுதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். அன்று இரவே கட்டுநாயக்காவுக்கு வான் ஏறினீர்கள். வாசலில் நான் வந்து நின்றேன். நீங்கள் அம்மாவை மட்டும்தான் கொஞ்சினீர்கள்.

மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணா. ஆட்களுக்கு முன்னால் அதைச் சொன்னதற்குக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை. நீங்கள் விரும்பிப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் போனீர்கள், யார் வற்புறுத்தினார்கள், அப்பா எதை விற்றார் என்பதெல்லாம் நம் வீட்டுக்குள் இருக்கட்டும், இங்கே வேண்டாம். 2022இல் மருந்துக் கடைகள் வெறுமையாகக் கிடந்தபோது அம்மாவின் இன்சுலின் உங்கள் காசில்தான் வந்தது. அங்கே இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல், கொழும்பில் யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் போன் போன் ஆகத் தேடியதை நான் மறப்பேனா? அம்மா இன்று இருக்கிறார் என்றால் அது உங்களால்.

ஆனால் காசு அனுப்புகிறவர் எங்கள் வாக்கையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. அப்பா 1977 முதல் தமிழ்த் தலைவர் சம்பந்தன் ஐயாவுக்குப் போட்டார். 2016க்குள் தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு வரும் என்று ஐயா சொன்னபோது அப்பா அதை நம்பிக்கொண்டு அந்த வருடம் முழுக்கப் பேப்பர் வாசித்தார். அந்த வருடம் போனது, அடுத்ததும் போனது. அப்பாவை நீங்கள் ஒரு நாளும் விலைபோனவர் என்று எழுதவில்லை. "பாவம், மனுசன் நம்புறார்" என்றுதான் சொன்னீர்கள். நான் நம்பினால் மட்டும் ஏன் அது கூடாத வேலையாகிறது? நான் பொம்பிளைப்பிள்ளை என்பதாலா, இளையவள் என்பதாலா? யாருக்குப் போட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்தின் 4 ஆசனங்களில் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு 2 வந்ததென்றால் அதை என் வாக்கு மட்டும் கொண்டுவரவில்லை. யாழ்ப்பாணத்திலும் 6இல் 3 எடுத்தார்கள். இத்தனை தமிழரும் ஒரே இரவில் விலைபோய்விட்டார்களா?

எனக்கு அந்த உரை ஏன் பெரிதாகப் பட்டது என்றால், அதற்கு முந்தியதொன்றையும் இதே கடையில் நின்றுதான் கேட்டேன். 2020 ஜனவரி 3ஆம் திகதி, அதே சபையில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, பெரும்பான்மை மக்களின் அபிலாஷைக்கு எப்போதும் மதிப்பளிக்க வேண்டும் என்று பேசினார். அதற்கு முதல் நாள் ஜனவரி 2. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 2006இல் அந்த நாளில்தான் எங்கள் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சந்தேகநபர்கள் 13 பேரையும் 2019 ஜூலையில் போதிய சாட்சி இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு என்னை விடக் கூடத் தெரியும், ஆகவே இதோடு விடுகிறேன்.

அப்படி ஒரு உரையைக் கேட்டவளுக்கு, அதே ஆசனத்தில் நின்று இன்னொருவர் இனவாதத்துக்கு இடமில்லை என்று சொன்னது சும்மா ஒரு பேச்சாகப் படவில்லை. அதற்காக எனக்குக் காது கேட்காமல் போகவும் இல்லை. அதிகாரப் பகிர்வு பற்றி ஒரு வரியாவது வரும் என்று காத்திருந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்கு ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, இன்றுவரை தேர்தல் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தலில் சொன்னார்கள், அது இன்னும் இருக்கிறது. முத்துநகர் விவசாயிகள், தங்கள் வயல் நிலம் சூரிய மின்சாரத் திட்டத்துக்குப் போகிறது என்று மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வந்து இருந்தார்கள். நான் அந்த வழியால்தான் கடைக்குப் போகிறேன். பார்க்காமல் போக முடியாது.

இப்போது இந்தக் கிழமை. நீங்கள் கேட்டது அதைத்தானே. உள்ளூர் ஆட்களும் இதை வாசிப்பார்கள், எல்லா இனத்து ஆட்களும் என் கடைக்கு வருகிறார்கள். அதனால் எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அனுமதியில்லாத கட்டுமானம் என்று கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் முறையிட்ட இடத்தில் ஞாயிறு இரவு ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. அன்றிரவே பொலிஸ் அதை எடுத்தது. அடுத்த நாள் பொலிஸ் பாதுகாப்போடு அதே இடத்தில் திரும்ப வைக்கப்பட்டது. பாதுகாப்புக்காகத்தான் எடுத்தோம் என்று பாராளுமன்றத்தில் அமைச்சர் சொன்னார்.

2005 மே மாதம் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாக ஒரு சிலை வந்ததும், ஊர் கடையடைத்ததும், அதற்குப் பிறகு நடந்தவையும் நமக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிறு இரவு முழுக்க அம்மா படுக்கவில்லை. திங்கள் பின்னேரம் நான் நேரத்தோடு கடையைப் பூட்டினேன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் உங்கள் செய்தி வந்தது. "பயமா இருக்கா தங்கச்சி, அம்மா என்ன செய்யிறா" என்று கேட்டிருக்கலாம். நீங்கள் வென்றுவிட்டதாகக் கேட்டீர்கள். அம்மா முழித்திருந்த இரவில் உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி, பதில் இதுதான். எனக்குக் கோபம். உங்களை விடப் பெரிய கோபம். நீங்கள் அந்த மனிதரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் அவர் எதைச் செய்யாமல் விட்டாலும் உங்களுக்குக் கடன்காரர் ஆகமாட்டார். சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அவர் கடன்காரர். சபையில் நின்று நாட்டுக்கே சொன்னதை நான் நம்பினேன். ஆகவே, ஞாயிறு இரவு சட்டம் என்று எடுத்ததைத் திங்கட்கிழமை ஏன் திரும்ப வைத்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. எங்கள் 2 எம்.பி.மாரிடமும் அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன், என் பெயரைப் போட்டு. பதில் வரவில்லை என்றால் திரும்பவும் எழுதுவேன். மாகாண சபைத் தேர்தல் வரும்போது வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன். நம்புவது என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நம்பவில்லை.

அந்தக் கிண்ணியாக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். மகன் இப்போது பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறானாம். "என்ன மகள், ஊர் என்னாகும்?" என்று கேட்டார். ரீச்சரும் வந்தார். சிலை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "அம்மா சுகமா?" என்றார். ஊரில் இருப்பது என்றால் இவர்களோடும் இருப்பதுதான். இதை உங்களுக்கு எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகவே காணி. நான் ஒப்பமிட மாட்டேன். கொழும்பு ஆள் எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் மாட்டேன். அம்மாவையும் என்னையும் அங்கே எடுப்பதற்கு நீங்கள் கட்டிய ஏற்பாட்டுக்கு நன்றி, மனதாரத்தான் சொல்கிறேன். நாங்கள் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். கிணற்றடியை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றார். எனக்கும் இங்கேதான் இருக்க வேண்டும்.

உங்கள் பாதி உங்களுடையதுதான், அதில் ஒரு சதமும் எனக்கு வேண்டாம். மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே தெரிவு செய்யுங்கள், அவர் சொல்கிற விலையில் பாதியை நான் வங்கிக் கடன் எடுத்துத் தருகிறேன். விற்க மனமில்லை என்றால் முன் அறை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், பிள்ளையள் லீவுக்கு வந்தால் தங்கலாம். இரண்டில் எது என்று டிசம்பருக்குள் சொல்லுங்கள். கடன் விண்ணப்பத்துக்கு உங்களுடைய சம்மதக் கடிதமும் வேண்டுமாம், தூதரகத்தில் அத்தாட்சி எடுக்க நாள் பிடிக்கும் என்கிறார்கள்.

தங்கச்சி
திருகோணமலை