வைத்தியர் பிழைக்க வைத்தால் குதிரைகளுக்கு நஷ்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்கான உங்கள் ஞாயிறு இணைப்பில் 'நரி–பரி' ஆட்டத்தின் விதிகள் வந்திருந்தன. யார் நரி, யார் குதிரை என்பதை ரகசியச் சீட்டு சொல்லும்; இரவில் எல்லாரும் கண் மூடியிருக்க நரிகள் ஒருவரைக் கடித்து வெளியேற்றும், பகலில் எல்லாரும் பேசி, நரி என்று சந்தேகிப்பவரை ஓட்டெடுத்து வெளியேற்றுவார்கள். நரிகள் எல்லாம் போனால் குதிரைகளுக்கு வெற்றி. 1980-களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் திமித்ரி தாவிதோவ் கையில் 'மாஃபியா'வாகப் பிறந்து, 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் கையில் ஓநாயாக மாறிய ஆட்டம் இது. மதுரைக்கு வந்து நரியானதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, பகலில் குதிரையாக நின்று இரவில் லாயத்தைக் கடித்துக் குதறுவது யார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேடம் கச்சிதம். விதிகள்தான் உதைக்கின்றன.

நீங்கள் கொடுத்தது இது: 10 பேர், மூன்று பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 3 நரி; இரவில் ஒருவரை நரியா என்று கேட்டறியும் குறிசொல்லி, இரவில் ஒருவரைக் கடியிலிருந்து காக்கும் வைத்தியர், சாகும்போது ஒருவரைச் சுடும் வேட்டைக்காரர் தலா ஒருவர், மீதி குதிரை. தினமும் ஓட்டெடுத்து ஒருவரை வெளியேற்றியே ஆக வேண்டும். வைத்தியர் காப்பாற்றுவது பலிக்க, காசைச் சுண்டித் தலை விழ வேண்டும்.

முதலில் நரிகளின் எண்ணிக்கை. பேச்சு, முகக்குறி, திறன் எதையும் சேர்க்காமல், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நரிகள் மற்றவர்களுக்குச் சமமான எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் நரிகளுக்கு வெற்றி. முதல் இரவு ஒருவர் போய், பகலில் 9 பேர் உட்காரும்போது குதிரைகள் ஜெயிக்கும் வாய்ப்பு 1 நரி என்றால் 59.4 சதவீதம், 2 நரி என்றால் 29.8, 3 நரி என்றால் 11.4. ஒரு நரி கூடும்போதெல்லாம் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுகிறது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன. குறிசொல்லி இல்லாத ஆட்டத்தில் நரிகள் ஆட்களின் விகிதத்தில் கூடக் கூடாது, ஏறக்குறைய வர்க்கமூல அளவில்தான் கூட வேண்டும் என்று பிரேவர்மன், எதெசாமி, மொசெல் மூவரும் 2008-இல் கணித ஆய்விதழில் நிறுவியிருக்கிறார்கள். குறிசொல்லி இருந்தால் விகிதக் கணக்கு செல்லும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆனால் அது பெரிய கூட்டத்துக்கான முடிவு. 10 பேருக்கு 2 நரி போதும்.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒற்றை–இரட்டை விவகாரம். 1 நரி இருக்கும் பகலில் 7 பேர் இருந்தால் குதிரைகளுக்கு 54.3 சதவீதம். இன்னொரு குதிரையைச் சேர்த்து 8 ஆக்கினால் கூட வேண்டும்தானே? 45.3-க்கு இறங்குகிறது. காரணம் எளிது. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று இரண்டிரண்டாக ஆட்கள் குறைகிறார்கள். 8-லும் 7-லும் கிடைக்கும் பகல்களின் எண்ணிக்கை ஒன்றே. கூடுதலாக வந்த குதிரை இன்னொரு பகலை வாங்கித் தராமல், தவறாகக் கை நீட்ட ஓர் ஆளாக மட்டும் நிற்கிறது.

இதை வைத்தியர் மேல் பொருத்திப் பாருங்கள். 9 பேர், 2 நரி. பகலில் ஒரு குதிரையைத் தவறாக அனுப்பிவிட்டார்கள். இரவில் வைத்தியர் கோட்டை விட்டால் காலையில் 7 பேர் எழுவார்கள், வாய்ப்பு 22.9 சதவீதம். சரியான ஆளைக் காப்பாற்றிவிட்டால் 8 பேர் எழுவார்கள். உங்கள் கட்டாய ஓட்டு விதிப்படி வாய்ப்பு 15.6. வைத்தியர் வேலையை ஒழுங்காகச் செய்ததற்குக் கூலி இது. "இன்னைக்கு ஓட்டு வேண்டாம்" என்று பெரும்பான்மை முடிவு செய்ய விட்டால், அடுத்த இரவு 7-க்கு வந்து, பழைய 22.9 திரும்பக் கிடைக்கும். ஆக ஒரு தடவை காப்பாற்றினால் எண்ணிக்கையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு தடவை காப்பாற்றினால்தான் ஒரு பகல் மிச்சம். முதல் தடவையின் மதிப்பு முழுக்கத் தகவலில் இருக்கிறது: நரி கடிக்கப் போன ஆள் நரியாக இருக்க முடியாது, அது வைத்தியருக்குத் தெரியும். அதை எப்போது வாய்விட்டுச் சொல்வது என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். அதனால் நடத்துநர் "நேத்து ராத்திரி யாரும் சாகலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காசு சுண்டுவதை எடுத்துவிடுங்கள். யாரைக் காப்பது என்று குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும் வைத்தியர் முதல் இரவில் சரியான ஆளைத் தொடும் வாய்ப்பே பத்தில் ஒன்று. அதற்கு மேல் பூவா தலையா வந்தால் இருபதில் ஒன்று. அதைவிட, நன்றாக யோசித்து எடுத்த முடிவைக் காசு கவிழ்க்கும்போது ஆடுபவருக்கு ஆட்டமே வெறுத்துப்போகும். சீட்டு பிரிக்கும்போது வரும் அதிர்ஷ்டத்தை யாரும் குறை சொல்வதில்லை, அதை வைத்துத்தான் யோசிக்கத் தொடங்குகிறோம். முடிவெடுத்த பிறகு குறுக்கே விழும் அதிர்ஷ்டம்தான் சண்டையில் முடிகிறது. வைத்தியரைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் ஒரே ஆளை அடுத்தடுத்த இரவுகளில் காக்கக் கூடாது என்ற ஒரு விதி போதும்.

'நம்ம ராஜா ராணி சீட்டு போலத்தான்' என்று எழுதியிருந்தீர்கள். ராஜா 1000, ராணி 800, மந்திரி 500, போலீஸ் 100, திருடன் 0 என்று போடும் கணக்கில் ஒரு சுற்றின் 2400 புள்ளியில் கண்டுபிடிப்புக்கு உரியது வெறும் 100. தெருவுக்குத் தெரு எண்கள் மாறும், கதை மாறாது. பத்துச் சுற்று ஆடினாலும் பெரும்பாலும் அதிக முறை ராஜா வந்தவர்தான் ஜெயிப்பார். அது சீட்டு எடுக்கும் சந்தோஷத்துக்கான ஆட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

குறிசொல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவுக்கு ஒருவரைக் கேட்டு நரியா இல்லையா என்று அறிபவர் இவர். 2 நரி ஆட்டத்தில், நரிகள் குருட்டாம்போக்கில் கடித்தாலும் இவர் முதல் இரவே போய்விட எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. சீட்டைப் பிரித்துப் பார்த்து உள்ளுக்குள் குதித்த ஆள், ஐந்து நிமிடத்தில் சுவரோரம் போய் உட்கார வேண்டும். அதனால் முதல் இரவு கடி வேண்டாம்; நரிகள் கண் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும், குறிசொல்லி ஒருவரைக் கேட்கட்டும். விடிந்தால் 10 பேர், இரட்டைப்படை. அந்தப் பகலைப் பேச்சோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் இரவு ஒருவர் போனால் 9. இதற்குள் குறிசொல்லி வெவ்வேறு இருவரைக் கேட்டிருந்தால், ஒரு நரியையாவது பிடித்திருக்கும் வாய்ப்பு 41.7 சதவீதம்.

இப்போது மறுபக்கம் கனத்துவிடும். அவர் வெளியே வந்து "நான்தான் குறிசொல்லி" என்றதும் வேறு யாரும் எதிர்க்கவில்லை என்றால் எல்லாரும் நம்பிவிடுவார்கள், ஆட்டம் அங்கேயே முடிந்தது. இதற்கு மருந்தாகச் சீட்டுக் குலுக்கலையே பயன்படுத்தலாம். குறிசொல்லி, வைத்தியர், வேட்டைக்காரர் என மூன்று சிறப்புச் சீட்டுகளைக் கவிழ்த்துக் கலக்கி, இரண்டை மட்டும் எடுத்து 2 நரி, 6 குதிரையோடு சேருங்கள். ஒதுக்கிய சீட்டு எது என்பது நடத்துநர் ஒருவருக்கே தெரியும். குறிசொல்லி ஆட்டத்தில் இல்லாமலே இருக்கலாம் என்றாகிவிட்டால், நரி துணிந்து அந்தப் பெயரைச் சொல்லிப் பொய் பேசலாம். நாங்கள் முயன்ற ஏற்பாடுகளில் திறனும் அதிர்ஷ்டமும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவது இதில்தான்.

வேட்டைக்காரர் இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. சாகும்போது ஒருவரை இழுத்துக்கொண்டு போவார். 7 பேர், 2 நரி இருக்கும் பகலில் அவரை ஓட்டில் அனுப்பி, அவர் தவறான ஆளைச் சுட்டால் 5 பேர் மிச்சம். அன்றிரவு கடித்ததும் இரண்டுக்கு இரண்டு, நரிகள் ஜெயித்தாயிற்று. "சுட மாட்டேன்" என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் கை கெடுக்கும் இடங்கள் உண்டு. நோட்டுத்தாளில் அழுத்தி எழுதிய 'நரி' பின்பக்கம் தடமாகத் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரே அளவில் வெட்டி, பேனாவுக்குப் பதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். இரவில் நரி கையை நீட்டும்போது வளையல் சிணுங்கினால் போச்சு. கண் மூடிய எல்லாரும் தொடையில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டு போன இரவில், மின்விசிறிச் சத்தமும் இல்லாதபோது, இது ரொம்ப அவசியம். ஆட்டத்தில் இல்லாத சிறப்பு ஆட்களையும், ஏற்கனவே செத்துப்போன சிறப்பு ஆட்களையும்கூட நடத்துநர் ஒவ்வோர் இரவும் கூப்பிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போக வேண்டும்.

விதியை மாற்றியபின் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 20 ஆட்டத்தில் நரிகள் 6 முதல் 14 வரை ஜெயித்தால் பதறி எதையும் திருத்த வேண்டாம். சரிசமமான ஆட்டத்திலும் அந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம். அதைத் தாண்டினால் ஒரு விதியை மட்டும் மாற்றி மறுபடி எண்ணுங்கள்.

விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இணைப்பில், குறைந்தபட்சம் கட்டாய ஓட்டையும் காசையும் நீக்கி, 3 நரியை 2 ஆக்கி ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆட்டம் நடத்தும் வாசகர்கள் சிலர்,
அண்ணா நகர், மதுரை.