பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பிறந்தாலே எங்கள் ஏரல் பக்கத்தில் பேச்சு 2023 மழைக்குத் திரும்பிவிடும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி என் வீட்டுக்குள் ஜன்னல் உயரம் வந்தது. நானும் பக்கத்து வீட்டு அக்காவும் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவு கிடந்தோம். அவர் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். நான் பைபிளின் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தேன். கஞ்சி ஒரே பானையில்தான்.

வெள்ளம் வடிந்தபின் சேற்றுக்குள்ளிருந்து அம்மாவின் பால் கணக்கு நோட்டு கிடைத்தது. அதன் பின்பக்கங்களில், ஆண்டவர் செய்த நன்மைகளைத் தேதி போட்டு எழுதிவைப்பது அவர் வழக்கம். பேனாவால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. பென்சில் எழுத்து மட்டும் அப்படியே நின்றது. 1992 நவம்பர் வெள்ளத்துக்கு அடுத்த வாரம் எழுதியது இது: “ஆறு வடிந்தது. தோசைக்கல் கிடைத்தது. கடைக்காரர் அரிசி கடன் தந்தார்.” அவ்வளவுதான். அம்மாவுக்கு வடிந்த ஆறுதானே இதுவும் என்று தோன்றியது. அழுகை நின்றது என்று சொல்லமாட்டேன். எழுந்து துடைப்பத்தைத் தேடினேன்.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் சபையில் வரப்போகும் ஆண்டிறுதி இரவு ஆராதனை. வரும் ஆண்டுக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட புது வாக்குத்தத்த அட்டை வாங்க முண்டியடிப்போம். போன ஆண்டு அட்டை எங்கே என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆண்டவர் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சி சொல்ல எழுந்தால் வேலை, வீடு, வெளிநாட்டு விசா. அரிசி கடன் தந்தவரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் ஊர்களில் பல வீட்டு வாசலில் ‘எபெனேசர்’ என்று எழுதியிருக்கும். என் வீட்டிலும் உண்டு. “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்” என்று பைபிளில் சாமுவேல் தீர்க்கதரிசி நாட்டிய கல்லின் பெயர் அது. அதே பெயருள்ள இடத்தில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் முன்பு ஒரு போரில் 30,000 பேரையும், தங்கள் புனிதப் பொருளான உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்கள். அதைப் பிரசங்கத்தில் நான் அதிகம் கேட்டதில்லை. ‘இம்மட்டும்’ என்றால் இதுவரை என்று பொருள். நாளைய கதையை அந்தச் சொல் பேசவில்லை. (தமிழாசிரியை புத்தி, மன்னிக்கவும்.)

எங்கள் தெருக்கோடியில் ஆடுகள் அத்தனையையும் ஆற்றுக்குக் கொடுத்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் முன்னால் நின்று “ஆண்டவர் என்னைக் காத்தார்” என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வெள்ளத் தேதிக்கு, அம்மாவைப் போல நானும் எழுதும் நோட்டில் ஒரு பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. 77-ஆம் சங்கீதக்காரரும் “தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?” என்று கேட்டுவிட்டுத்தான் கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன் என்கிறார்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது அட்டையை நீட்டுவதற்கு முன் பத்து நிமிடம் கொடுத்து, முடிந்த ஆண்டை எழுதச் சொல்லுங்கள். தேதி, உதவியவர் பெயர், கொடுத்த பொருள், இவை போதும். ஆளுக்கொரு பென்சில் கொடுங்கள். பேனா வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஏரல்