எங்கள் வட்டிக் கணக்கை மக்களவை வரை கொண்டுபோனவர்களுக்கு

அன்புடையீர்,

ஏற்றுமதிக் கடனுக்கான வட்டிச் சலுகை நின்றுபோனதைப் பற்றி மக்களவையில் கேட்ட கேள்விக்கு வர்த்தக அமைச்சகத்தின் பதில் வந்து சில மாதங்கள் ஆகின்றன. அச்சிட்ட தாளில் ஓர் உறுப்பினரின் பெயர்தான் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காகத் திருப்பூரில் அலைந்தவர்களுக்கும் டெல்லியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னலாடை ஏற்றுமதி செய்யும் எங்களுக்கு ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து செலவுதான். நூலுக்கு மில்காரர் ரொக்கம் கேட்பார். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று துணி போகிற இடமெல்லாம் பணம் வைக்க வேண்டும். சனிக்கிழமை வந்தால் சம்பளம். பையரின், அதாவது வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின், பணமோ சரக்கு கப்பலேறி அறுபது, தொண்ணூறு நாள் கழித்துத்தான் வரும். நடுவில் இருக்கிற மாதங்களை வங்கியின் பேக்கிங் கிரெடிட்டை, அதாவது ஆர்டரை நம்பித் தரும் ஏற்றுமதிக் கடனை, வைத்துத்தான் ஓட்டுகிறோம். அந்தக் கடனுக்கான வட்டியில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் இருந்தது. சிறு, குறு உற்பத்தியாளர்களுக்குக் கடைசியாகக் கிடைத்தது 3 சதவீதம். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஒரு கோடி ரூபாய்க் கடனைத் தொண்ணூறு நாள் வைத்திருந்தால் அது ஏறத்தாழ 74,000 ரூபாய். பீஸுக்கு நாலணா, எட்டணா குறைக்கச் சொல்லி பையர் பேரம் பேசுகிற தொழிலில் இது சின்னத் தொகை இல்லை.

2024-ல் இந்தத் திட்டத்தை இரண்டு மாதம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று தவணை தவணையாக நீட்டினார்கள். ஒரு நிறுவனத்துக்குச் சலுகை 50 லட்சம் ரூபாய்தான் என்று உச்சவரம்பும் வந்தது. டிசம்பர் 31-ஓடு திட்டமே முடிந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 2,250 கோடி ரூபாயில் ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கம் ஒன்றை அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது, ஆனால் வட்டிக்கு என்ன வழி என்று அதில் தெரியவில்லை. ஜனவரியிலிருந்து முழு வட்டியையும் கட்டிக்கொண்டு, ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புலம்பலுக்கு ஓர் உருவம் கொடுத்தவர், வங்கியின் ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன். முதல் நன்றி அவருக்குத்தான். "திட்டத்தை ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டா, முடிஞ்சுது நிறுத்திட்டோம்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருவாங்க. அவங்க கையில ஏற்கெனவே என்ன கணக்கு இருக்குதோ அதைக் கேளுங்க" என்றார். சலுகை வாங்குகிற ஒவ்வொரு ஏற்றுமதியாளரும் டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) தளத்தில் பதிந்து ஓர் அடையாள எண் எடுத்து வங்கியில் கொடுத்திருந்தோம். வங்கி எங்களுக்கு வட்டியைக் குறைத்துவிட்டு, குறைத்த தொகையை ரிசர்வ் வங்கி வழியாக அரசிடம் கோரியது. அப்படியென்றால் எத்தனை பேர், எவ்வளவு ரூபாய், எது நிலுவை என்ற மூன்றும் டெல்லியில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்துதான் ஆக வேண்டும். இதை அவர் ஒரு கவரின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். பல வருடம் இந்தச் சலுகையை வாங்கிய எங்களில் பலருக்குப் பணம் எந்த வழியாக வந்தது என்பதே அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்து, உறுப்பினரின் டெல்லி அலுவலகத்தில் இருக்கும் தங்கை. நாங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். மக்களவைக் கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அவர் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பிய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மாற்றாந்தாய் மனப்பான்மை' மூன்று இடத்தில் இருந்தது, மூன்றும் போயிற்று. அந்தச் சொல் இல்லாமல் மத்திய அரசுக்கு ஒரு கடிதம் எழுத முடியும் என்பதே எங்களுக்குப் புதுசு. கடைசியில் நின்றது நான்கு பிரிவு. கடைசி இரண்டு நிதியாண்டுகளில் எத்தனை சிறு, குறு நிறுவனங்கள் பயன் பெற்றன, அவற்றுக்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டது. 2024 டிசம்பர் 31-க்கு முன் வழங்கிய கடன்கள் தொடர்பாக வங்கிகளின் கோரிக்கைகள் ஏதும் நிலுவையில் உள்ளனவா. திட்டத்தை மீண்டும் கொண்டுவரும் எண்ணம் உண்டா. பட்ஜெட்டில் சொன்ன இயக்கத்தில் வட்டிச் சலுகைக்கு இடம் உண்டா, உண்டென்றால் எப்போதிலிருந்து. எங்கள் நான்கு பக்கத்தைவிட இது நன்றாகவே உறைத்தது.

ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டால் அனுமதி கிடைக்காது. அதனால் நாடாளுமன்றத் தளத்தில் இதே பொருளில் வந்த பழைய பதில்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, எதைக் கேட்டாயிற்று, எது இன்னும் பாக்கி என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர் ஒரு பி.காம். மாணவி. இங்கிலீஷில் வந்த பதிலைத் தமிழாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அவரே. தேர்வு நேரத்தில் இதைச் செய்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நன்றாக இரு, கண்ணு.

காகிதம் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். வங்கித் தாளை வெளியாள் கையில் கொடுப்பது எங்கள் ஊரில் லேசான காரியம் இல்லை. கடன் எவ்வளவு என்று தெரிந்தால் நூல்காரர் முதல் போட்டிக்காரர் வரை கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படியும் வேலம்பாளையத்தில் சிறிய யூனிட் நடத்தும் அக்கா இரண்டு தாளைக் கொண்டுவந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று 2024 நவம்பர், மற்றது 2025 பிப்ரவரி. அதே வங்கி, அதே வட்டி விகிதம், கிட்டத்தட்ட அதே கடன். முதல் தாளில் வட்டிக்குக் கீழே சலுகையைக் கழித்த ஒரு வரி இருந்தது. இரண்டாவதில் அந்த வரி இல்லை. கணக்கு எண்ணைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்திருந்தார், தாளைத் திருப்பினால் மை மறுபக்கம் ஊறியிருந்தது. உறுப்பினருக்கு நாங்கள் விளக்கிச் சொன்னதைவிட அந்த இரண்டு தாள்தான் அதிகம் சொல்லியது. மற்ற யூனிட்காரர்களுக்கும், தாள்களை நகலெடுத்து ஒழுங்கு செய்து தந்த ஆடிட்டர் ஆபீஸ் தம்பிகளுக்கும் இதே நன்றி.

இனி உறுப்பினர். அவர் எங்கள் தொகுதிக்காரர் இல்லை. திருப்பூரில் ஓர் ஓட்டுகூட அவருக்குக் கிடையாது. கேட்டபோது, "சரி, அனுப்புங்க, பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார். குறைந்தது பதினைந்து நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவும் அந்த அமைச்சகம் பதில் சொல்லும் நாளுக்கு. ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து நோட்டீஸ்தான் தரலாம். அந்த ஐந்தில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கினார். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் நட்சத்திரக் குறியோடு அவையில் வாய்மொழிப் பதிலுக்கு வரும். எங்களுடையது குலுக்கலில் அங்கே வராமல், எழுத்துப்பூர்வ பதில் தரும் 230-க்குள் போயிற்று. சிலருக்கு வருத்தம், டி.வி.யில் வராதே என்று. எனக்கு இல்லை. கணக்குக் கேட்கிற கேள்விக்கு எழுத்தில் வருகிற பதில்தான் கைக்கு உதவும்.

பதில் ஆகஸ்டில் வந்தது. முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். தொகைக்கு ஓர் அட்டவணை இருந்தது. திட்டம் 31.12.2024 வரைதான் நடைமுறையில் இருந்தது, பட்ஜெட்டில் புதிய இயக்கம் அறிவிக்கப்பட்டுள்ளது என்று மற்றதைச் சுற்றிவளைத்துச் சொல்லியிருந்தார்கள். 'எப்போதிலிருந்து' என்பதற்குத் தேதி இல்லை. அந்த மாதம்தான் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 7-ஆம் தேதி 25 சதவீதமாகி, 27-ஆம் தேதி 50 ஆனது. நோட்டீஸ் கொடுத்தபோது இது எதுவும் நடந்திருக்கவில்லை. பையர்கள் தள்ளுபடி கேட்டு மெயில் அனுப்பிக்கொண்டிருந்த வாரங்களில், எங்கள் மனுக்களோடு இணைக்க அந்த அட்டவணை இருந்தது பெரிய உதவி. சொந்தக் கணக்கை நீட்டினால் 'உங்கள் கணக்கு' என்பார்கள். அவையில் வைத்த கணக்கை அப்படித் தள்ள முடியாது.

நவம்பர் 12 அன்று அந்த இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2030-31 வரை 25,060 கோடி ரூபாய், வட்டிச் சலுகைக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் கேள்வியால்தான் வந்தது என்று மார்தட்ட நான் தயாரில்லை, அந்த 50 சதவீத வரிதான் டெல்லியை அசைத்தது என்பது என் எண்ணம்.

2025 ஜனவரி முதல் நவம்பர் வரை கட்டிய முழு வட்டிக்கு ஏதாவது வழி உண்டா என்பது இன்னும் கேட்கப்படவில்லை. அடுத்த நோட்டீஸுக்கு அதைத்தான் தயார் செய்கிறோம். அண்ணன் கவரும் பேனாவுமாக ரெடி. அந்த மாதங்களுக்கான வட்டித் தாள் வைத்திருப்பவர்கள், கணக்கு எண்ணை நன்றாக அடித்துவிட்டு, ஆடிட்டர் ஆபீஸில் கொடுத்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு சிறு பின்னலாடை ஏற்றுமதியாளர்,
திருப்பூர்