கடற்கரையாக இருந்த தெருவில் எங்களுடன் நடந்தவர்களுக்கு

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவின் தமிழ் நடைக்குத் துணை நின்ற அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

தமிழில் ஒரு வரலாற்று நடை, அதுவும் தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவில் இல்லாமல் தெலுக் ஆயரில் என்றதும் பலர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்பதுதான். கேட்டவர்களில் பலர் மதியச் சாப்பாட்டுக்கு நாள்தோறும் அந்தத் தெருவைக் கடந்து போகிறவர்கள்! சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றால் சிராங்கூன் சாலையோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு எப்படியோ வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடு மல்லுக்கட்ட எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஆவணக் காப்பகத்திலும் தேசிய நூலகத்தின் நோக்கு நூலகப் பிரிவிலும் எங்கள் ஓயாத கேள்விகளைப் பொறுத்துக்கொண்ட ஊழியர்களுக்கு. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர்கள் அவர்கள். பழையதில் செசில் தெரு இல்லை, ராபின்சன் சாலை இல்லை, அங்கெல்லாம் தண்ணீர். தெலுக் ஆயர் தெருதான் கரை. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகுதான் இந்தத் தெரு ஊருக்குள் போனது. இது தெரியாமல் அங்கே நிற்கிறவருக்கு, சீனக் கோயிலும் தர்காவும் பள்ளிவாசலும் ஏன் ஒரே வரிசையில், ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன என்பது விளங்காது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல முதலில் ஏறிய படிகள் அவை.

நாகூர் தர்காவில் எங்களுக்காக நேரம் ஒதுக்கிய தன்னார்வலர்களுக்குப் பெரிய நன்றி. 1828 முதல் 1830 வரை, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கட்டடம் அது. நாகூர் ஆண்டவரின் அடக்கத்தலம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. இங்கே இருப்பது அவர் நினைவு. கப்பலில் போகிறவர்களுக்குக் காவலர் என்று நம்பப்பட்டவர் என்பதால், அவர் பெயர் கப்பல் போன துறைமுகங்களுக்கெல்லாம் போயிற்று. பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா உண்டு. கீழ்ப்பகுதியில் ஐரோப்பியப் பாணித் தூண்கள், மேலே சின்னச் சின்ன வளைவுகளும் துளைகளுமாக ஒரு குட்டி அரண்மனை முகப்பு, மூலைகளில் அடுக்கடுக்கான மினாராக்கள். நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாராவைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சின்ன மினாராக்கள் அந்நியமாகத் தெரியாது. 1974இல் தேசிய நினைவுச்சின்னமான இந்தக் கட்டடம், புதுப்பிப்புக்குப் பிறகு 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. நுழைந்த பிள்ளைகள் காட்சிப்பொருள்களைவிட்டு நகர மறுத்தார்கள். அட்டவணை குலைந்தது, அதனால் ஒரு நட்டமும் இல்லை.

அல் அப்ரார் பள்ளிவாசலின் பெரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் அந்தப் பள்ளியை நாங்களும் பத்தோடு பதினொன்றாகக் கடந்திருப்போம். கடைவீடுகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் கட்டடம். 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' என்ற பெயர் இன்றும் அதற்கு உண்டு. செங்கற் கட்டடம் 1850களில் வந்தது. தொழுகை நேரத்துக்கு இடையூறு இல்லாமல் எங்களை எப்போது அழைத்துவரலாம் என்று அவரே வகுத்துக் கொடுத்தார். வந்தவர்களுக்கெல்லாம் தேநீரும் கொடுத்தார். பணம் கொடுக்கப் போனவரை அவர் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

தியான் ஹோக் கெங் சீனக் கோயில் அலுவலகத்தாருக்கும், அங்குள்ள கல்வெட்டு வரிகளை எங்களுக்குப் படித்துப் பொருள் சொன்ன, கல்லூரியில் படிக்கும் சீன மாணவிக்கும் நன்றி. 1839 முதல் 1842 வரை ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் கட்டிய அந்தக் கோயிலில் இருப்பவள் கடலோடிகளைக் காக்கும் மாசு தேவி. கட்டுமானத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர் டான் டோக் செங். மருத்துவமனைப் பெயராக மட்டும் அவரை அறிந்திருந்த எங்கள் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தி. கோயிலின் இரும்புக் கிராதிகள் கிளாஸ்கோவிலிருந்து வந்தவை என்பது எனக்கே பிடித்த செய்தி. துறைமுக ஊர் என்றால் அப்படித்தான்.

நடைக்கு வந்த இந்துக்கள் "நம் கோயில் ஏன் இங்கே இல்லை?" என்று கேட்டார்கள். வந்திருக்க வேண்டியதுதான். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்குக் கோயில் கட்ட முதலில் கிடைத்த இடம் இந்தத் தெருவில்தான் இருந்தது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அருகில் இல்லாததால் அதை விட்டுவிட்டார். பிறகு சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் எழுந்தது மாரியம்மன் கோயில். இந்த விவரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தை எங்களுக்குச் சுட்டிக்காட்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தஞ்சோங் பகாரில் வளர்ந்த கடையநல்லூர் அம்மா ஒருவர் முழங்கால் வலியோடு கடைசி வரை நடந்தார். கடையநல்லூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறியவர்கள்; அதனால் அவர் சொன்ன கதைகளில் அம்மியும் மசாலாவும் பிள்ளைப்பேறும் இருந்தன. 1946இல் அந்தச் சமூகத்தார் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியில் படித்த நாள்களை அவர் சொல்லச் சொல்ல, நான் வைத்திருந்த குறிப்புத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். 1982இல் மூடப்பட்ட பள்ளி அது. இப்படிப்பட்டவர்கள் பேசும்போது குறிப்பு வாசிப்பது அசட்டுத்தனம்.

வடிவமைப்பு செய்த தம்பி, குடை கொடுத்த கோப்பிக்கடைக்காரர், வழி மறித்து நின்ற எங்களைச் சகித்த அலுவலகத்தார், எல்லோருக்கும் நன்றி. நடை முடிந்ததும் "மார்க்கெட் ஸ்ட்ரீட் செட்டியார் கிட்டங்கிகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய அந்தக் கட்டடங்களுக்காகச் சண்டைக்கு வந்த ஐயாவுக்கும் சேர்த்துத்தான். அடுத்த நடையில் அவரே அந்தப் பகுதியைப் பேசப்போகிறார். மறுக்க முடியாதபடி எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டோம்.

ஒரு வேண்டுகோள். தஞ்சோங் பகார், தெலுக் ஆயர் பக்கம் எடுத்த பழைய குடும்பப் படங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், கந்தூரி அழைப்பிதழ்கள் வீட்டில் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து பிரதி எடுத்துக்கொள்கிறோம். மூலம் உங்கள் பெட்டியைவிட்டு வெளியே போகாது.

நன்றியுடன்,
நடைக்குழுவினர் சார்பில்