செங்குத்துப் பாறையில் சென்டிமீட்டர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி, ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் அரிப்பைச் சென்டிமீட்டர் பிசகாமல் அளந்துவிடலாம் என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் படித்தேன். நில அளவையராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த உறுதியை என்னால் ஏற்க முடியவில்லை.

கருவியைக் குறை சொல்லவில்லை. திறந்த சமதரையில் அதன் உயரப் பிழை பெரும்பாலும் 10, 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பள்ளத்தாக்கில் சமதரைக்கு எங்கே போவது? ஒரு புள்ளி பக்கவாட்டில் 30 செ.மீ. தள்ளி விழுந்தால் சமதரையில் அது யார் கண்ணிலும் படாது. 45 பாகைச் சரிவில் அதே 30 செ.மீ. உயரப் பிழையாகிவிடும், 60 பாகையில் அரை மீட்டரைத் தாண்டும். செங்குத்துப் பாறையை மேலிருந்து வரும் கதிர் உரசிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அடியில் குடைந்திருக்கும் பகுதி அதற்குத் தெரியவே தெரியாது.

மாற்றத்தை அறிய இரண்டு அளவீடுகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிக்கிறோம், பிழைகளோ சேர்ந்துகொள்கின்றன. தலைக்கு 15 செ.மீ. என்றால் வித்தியாசத்தில் சுமார் 21 (தற்செயல் பிழைகளை நேராகக் கூட்டுவதில்லை, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்). 95 விழுக்காடு நம்பிக்கையோடு ‘மாறியது’ என்று சொல்ல அதில் ஏறக்குறைய இருமடங்கு, அதாவது 40 செ.மீட்டருக்கு மேல் மாறியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியபின் மணல் அணைக்குள்ளேயே தங்கிவிட, கீழே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மணல் திட்டுகள் கரைந்தன. அவற்றை மீட்க 1996 முதல் அவ்வப்போது செயற்கை வெள்ளம் விடுகிறார்கள். வெள்ளம் ஒரு மீட்டர் மணலைக் குவித்தால் விமான லேசர் காட்டிக்கொடுத்துவிடும். தொல்லியல் இடத்தருகே மழைநீர் வெட்டிய ஓடை ஒரு சாண் ஆழமாகியிருந்தால்? அதற்கு முக்காலியில் நிறுத்திய தரை லேசர்தான் வேண்டும். ஆற்றடி மணலுக்கு அதுவும் போதாது: வழக்கமான அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடும், நீரை ஊடுருவக்கூடிய பச்சைக் கதிரும் கலங்கல் நீரில் தோற்கும். கரைப்புதர்கள் அடர்ந்துவிட்டாலோ, தழையே தரையாகப் பதிவாகி, வராத மணல் வந்ததுபோலத் தோன்றும்.

எளிதில் கால் வைக்க முடியாத இந்த 446 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை ஒரே மூச்சில் அளக்க வேறு நல்ல வழி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் அரிப்புக்குச் சிவப்பு, படிவுக்கு நீலம் என்று வண்ணம் தீட்டிவிட்டால் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. அடுத்த முறை அத்தகைய வரைபடத்தை வெளியிடும்போது, இரண்டு அளவீடுகளுக்கும் இடையே அசையாமல் கிடந்த வெறும் பாறை எத்தனை சென்டிமீட்டர் மாறியதாகக் காட்டியது என்பதையும், அதாவது அளவீட்டின் பிழையையும், பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்