கடலைத் தொலைத்த துறைமுகம்

அன்புள்ள ராமசாமி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் மகன் போனில் சொன்னான். சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடு. படிக்க அவசரப்படாதே; இந்தக் கடிதத்தையும் தங்கச்சியை வாசிக்கச் சொல்லிக் கேள்.

துருக்கி போய் வந்துவிட்டோம். இஸ்தான்புல் கதையெல்லாம் நேரில். உனக்கென்று எழுத வேண்டியது எபேசஸ் சங்கதிதான், பைபிளில் வரும் அதே எபேசு. எல்லோரும் செல்சஸ் நூலகத்து முகப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகுதான், விழுந்து கிடந்த கற்களைப் பொறுக்கி 1970களில் ஆஸ்திரியர்கள் தூக்கி நிறுத்தியது. எனக்குப் பிடித்த இடம் பெரிய அரங்கத்தின் மேல்படி. அங்கே உட்கார்ந்தால், கீழே ஒரு பளிங்குத் தெரு அரை கிலோமீட்டருக்கு நூல் பிடித்தாற்போல் துறைமுகத்தை நோக்கி ஓடுகிறது. தெருக்கோடியில் நாணலும் சேறும்தான். கடல் 5 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது!

எல்லாம் கெய்ஸ்டர் ஆற்று வண்டல். ஆனால் இதில் உன் துறைக்காரர்களான பொறியாளர்களின் கைங்கரியமும் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் அரசன் அட்டாலஸ், முகத்துவாரம் மிக அகலமாக இருக்கிறது, தடுப்புச்சுவர் கட்டிக் குறுக்கினால் உள்ளே ஆழம் கூடும், பெரிய சரக்குக் கப்பலும் வரும் என்று கணக்குப் போட்டான். பொறியாளர்களும் தலையாட்டினார்கள். நடந்தது நேர்மாறு. அதுவரை கடலின் ஏற்ற இறக்கமே வண்டலை வெளியே இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. வாயைக் குறுக்கியதும் சேறு முழுக்க உள்ளேயே தங்கிவிட்டது. பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இதை எழுதி வைத்திருக்கிறார்.

ரோமப் பேரரசன் நீரோ காலத்து ஆளுநர் பரேயா சொரானஸ் அந்தத் துறைமுகத்தைத் திறந்துவிடப் பாடுபட்டார். அதுவும் சேர்ந்தே நீரோவுக்கு அவர்மேல் எரிச்சலைக் கூட்டியது என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கி.பி. 66இல் வேறு குற்றம் சாட்டி அவரைச் சாக வைத்தார்கள். உன் பழைய டிரான்ஸ்பர் ஆர்டர்கள் ஞாபகம் வந்தன, போ.

3ஆம் நூற்றாண்டில் நிலநடுக்கம், கோத்து இனத்துப் படையெடுப்பாளர்களின் கொள்ளை இரண்டையும் தாங்கிக்கொண்டு எழுந்த ஊர் அது. சேற்றிடம்தான் தோற்றது.

நீ முகத்துவாரங்களில் வெயில் காய்ந்தவன். அட்டாலஸ் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஆற்றையே வேறு பக்கம் திருப்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் ஆகிற காரியமா அது? கண் தெளிந்ததும் எழுது. தை மாதம் பேத்தி காதுகுத்துக்கு வருகிறாயல்லவா, படங்களை அப்போது காட்டுகிறேன்.

அன்புடன்,
கணேசன்