சீட்டு எழுத மட்டும் நாங்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பெண்கள் அரசியலுக்கு வரத் தயங்குகிறார்கள் என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். தயக்கம் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களை யாராவது கூப்பிட்டார்களா என்பதை அவர் கேட்கவே இல்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடுவார். மரம் வெட்டுவதிலும் பால் வாளி தூக்குவதிலும் அப்பாவுக்கு ஒரு பிடி குறைந்தவரில்லை. தோட்டத்தில் கூட்டம் என்றால் மட்டும் அப்பா முன்னால் உட்காருவார், அம்மா கதவோரம் நிற்பார்.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியையே பாருங்கள். 1959 முதல் துன் சம்பந்தன், அப்புறம் 1974 தொடங்கி 2008 வரை சாமிவேலு, பிறகு டாக்டர் ஜெயகுமார், 2018 முதல் கேசவன். நால்வரும் ஆண்கள். அவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. கட்சி மாறியது, ஆட்சிகூட மாறியது, இது ஒன்று மட்டும் மாறவில்லை என்கிறேன். இத்தனைக்கும் இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். வெளியூர்ப் பெண் என்றால் மாலை போட்டு வரவேற்கத் தெரிந்த ஊர்தான் இது! தோட்டங்களை வாங்கி நடத்துவதற்காகச் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் காலத்துக்குப் பின் தலைமையேற்று நடத்தியவரும் ஒரு பெண்தான், அவருடைய துணைவியார் உமாசுந்தரி. தோட்டங்களை நிர்வகிக்க முடிந்தது, தொகுதியை மட்டும் முடியாதாமா?

2022 நவம்பர் தேர்தலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல மழைக்காலம். பிலிக் கெராக்கான் என்கிறோமே, அந்தத் தேர்தல் அறையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து வாக்காளர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தோம். நடுவில் என் பக்கத்து வீட்டுப் பெண். பகலெல்லாம் கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறவர். பட்டியலைப் பார்க்காமலேயே சொன்னார்: “இந்தத் தாத்தா மகன் வீட்டுக்குக் கிள்ளான் போயிட்டாரு, இந்தம்மாவுக்கு வண்டி அனுப்பினாத்தான் வருவாங்க, இந்தப் பையன் இப்பத்தான் பதினெட்டு, முதல் ஓட்டு.” யார் வீட்டில் ஐ.சி. (அடையாள அட்டை) சிக்கல், யாருக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பாரம் நிரப்ப ஆள் வேண்டும், எந்தச் சாக்கடை எத்தனை நாளாக அடைத்திருக்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நேரம் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர் திரும்பி, “மீகூன் பொட்டலம் ரெடியாம்மா?” என்றார். அவ்வளவுதான். தேர்தல் முடிந்ததும் அந்தக் கட்சிக்கு எங்கள் வீட்டு எண்கூட மறந்துவிட்டது.

அந்தத் தேர்தலில் 222 பேர் கொண்ட மக்களவைக்குத் தேர்வான பெண்கள் 30 பேர். 30 விழுக்காடு வேண்டும், 30 விழுக்காடு வேண்டும் என்று பல வருஷமாகப் பேசி, 30 பேரில் வந்து நிற்கிறோம். நம் இந்தியப் பெண்களில், பினாங்கின் பத்து காவான் தொகுதியில் கஸ்தூரி பட்டு 2013இல் வென்று இரண்டு தவணை இருந்தார். அப்படி ஒருவரைச் சொன்னால் அடுத்தவர் பெயருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

பணமும் ஒரு காரணம்தான். நாடாளுமன்றத்துக்கு நிற்க 10,000 ரிங்கிட் வைப்புத்தொகை, சட்டமன்றத்துக்கு 5,000. பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அதுவும் போச்சு. முட்டை அடுக்குகிறவர் எங்கே போவார்? கட்சி அந்தப் பணத்தைக் கட்டினால்தான் உண்டு.

சரி, நாடாளுமன்றத்தை விடுங்கள். ஊராட்சித் தேர்தல் என்று ஒன்று இந்த நாட்டில் இருந்தது. 1965இல் நிறுத்திவைத்தார்கள், 1976இல் வந்த சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. வீட்டையும் பிள்ளையையும் விட்டுக் கோலாலம்பூர் போக முடியாத ஒரு பெண்ணுக்கு ஏற முடிகிற முதல் படி அதுதான். இப்போது நகராண்மைக் கழகத்துக்கு 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கிறது, பெயர் கொடுப்பது கட்சிகள். வைப்புத்தொகை கிடையாது, கொடி, பேனர் செலவு கிடையாது. சாக்கடையும் தெருவிளக்கும் குப்பையும்தான் வேலை. இதற்கும் பெண் கிடைக்கவில்லை என்றால் யாரும் தேடவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த நியமனத்துக்குப் பெயர் எழுதும்போது, சீட்டு எழுதிய பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மகளிர் பிரிவுத் தலைவியிடம் மட்டும் கேட்டுவிட்டு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள்.

போன மாதம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நானே கேட்டேன், “உன் பேரைக் கொடுக்கட்டுமா?” விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் கேட்டேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, “மீட்டிங்கெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வைப்பாங்களாக்கா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. எந்தக் கட்சிக்காரராவது இதைப் படித்தால் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்